ஏழாம் திருத்தம்

பத்து மணிக்குப் பாப்பா விழித்திருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய அட்டவணை அப்படித்தான் சொன்னது. பாப்பாவோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள்.

"எழுப்பிருவோமா?" என்றான் முத்துப்பாண்டி.

"தூங்குற பிள்ளைய யாராச்சும் எழுப்புவாகளா?" என்றாள் மனைவி பாண்டீஸ்வரி.

"சிஸ்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் அவன் ஷிப்ட் சூப்பர்வைசர். ஒரு நாளைக்கு நாலாயிரம் குடம் பார்ப்பவன். ஒரு குடம்கூட அழுததில்லை. பிரசவத்துக்குச் சோழவந்தான் தாய்வீட்டுக்குப் போயிருந்த பாண்டீஸ்வரி, நாற்பத்தைந்தாம் நாள் பிள்ளையோடு கோச்சடை வீட்டுக்குத் திரும்பியதும் பதினைந்து நாள் லீவு போட்டான். லீவு முடிந்தால் பகலெல்லாம் அவள் தனி ஆள். எப்போது சாப்பிடுவாள், எப்போது கண்ணை மூடுவாள் என்ற கவலை அவனுக்கு நிஜமாகவே இருந்தது. கவலை வந்தால் அவனுக்குக் கட்டம் போட்டு அட்டவணை எழுதத்தான் தெரியும்.

எழுப்பினான். பதினொரு மணிக்குக் குளிப்பாட்ட வந்த ஆயா தங்கப்பொண்ணு, வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"எட்டு மணிக்கே வாரேன்னேன். நீங்கதான் தம்பி பதினொண்ணுன்னீங்க. தூக்கமும் கெட்டு பசியும் எடுத்தா, தண்ணி ஊத்தையில அது சிரிக்கவா செய்யும்?"

குளித்த பிறகும் பாப்பா தூங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கனகாவின் மிக்சிதான் காரணம் என்று கண்டுபிடித்தான். அட்டவணையின் நகல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, "தூக்கம்னு போட்டிருக்க நேரத்துல மட்டும் அரைக்காதீங்கக்கா" என்றான்.

கனகா அரைக்கவில்லை. பிள்ளை தூங்கும் நேரத்தில் தாய் சும்மாதானே இருப்பாள் என்று, அதே நேரத்துக்கு மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு பிள்ளை பார்க்க வந்துவிட்டாள்.

மறுநாள் வாசலில் ஒரு நோட்டு வைத்தான், கம்பெனி கேட்டில் இருப்பது போலவே. பெயர், வந்த நேரம், வந்த காரணம். கனகா நிதானமாகப் பேனா வாங்கி எழுதினாள்: "மிக்சியை நிறுத்தச் சொன்னதால் பொழுது போகவில்லை."

அன்று சாயங்காலம் அவன் தோளில் பிள்ளையும் சட்டை முழுக்க அது கக்கிய பாலுமாக நின்றான்.

"குளியல மட்டும் காலையில எட்டு மணிக்கு மாத்திப் பாப்பமாங்க?" என்றாள் பாண்டீஸ்வரி.

யோசித்தான். "முதல் திருத்தம்" என்று எழுதித் தேதி போட்டான். மறுநாள் எட்டு மணிக் குளியலும் சாம்பிராணிப் புகையும் முடிந்ததும் பாப்பா இரண்டரை மணி நேரம் தூங்கினாள்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றான்.

அதன்பின் தினமும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அழுதால் நேரம் பார்க்காமல் பால் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கலாமா? மூன்று மணிக்குத் தொட்டிலில் போடலாமா? "நல்ல பாயிண்ட்" என்று ஒவ்வொன்றையும் அவன் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டான்.

ஏழாம் திருத்தத்தில் எல்லாம் கூடிவந்தது. பாப்பா சொன்ன நேரத்துக்குத் தூங்கினாள், விழித்தாள், கூரையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். பாண்டீஸ்வரி மதியம் இரண்டு மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கி எழுந்தபோது, அவன் பிள்ளைத்துணியெல்லாம் அலசிக் கொடியில் காயப்போட்டிருந்தான்.

"நீங்க இல்லன்னா இம்புட்டுத் தூங்கியிருக்க மாட்டேங்க" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

 அவன் அன்றே அட்டவணையைக் கடைக்குக் கொண்டுபோய் லேமினேசன் போட்டு வந்தான்.

லீவின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. பாண்டீஸ்வரியின் அண்ணன் வெள்ளைத்துரை சோழவந்தானிலிருந்து வந்தார். அவர் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். முத்துப்பாண்டி இரண்டு கையாலும் அட்டவணையை எடுத்து நீட்டினான்.

"மச்சான், நாளைக்கு நான் பயமில்லாம வேலைக்குப் போறேன்னா இதாலதான். ரெண்டு வாரத்து உழைப்பு. உங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளைக்கும் ஆகட்டும்."

வெள்ளைத்துரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். தங்கையைப் பார்த்தார். அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்ககிட்டயே இருக்கே மாப்ள" என்றார் அவர். "பிள்ளைக்கு முப்பது நாளாகையிலயே பாண்டீஸ்வரி எழுதி அடுப்படிச் செவத்துல ஒட்டுனது, ஒரு நிமிசம் மாறாம அப்படியே இருக்கு. லேமினேசன்தான் பண்ணல."