வாசலில் நின்ற மண்டபம்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் தெருக்களைக் கொண்டு அளக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். யார் அந்தப் பெரியவர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கொரு கோப்பு திறக்க வேண்டி வரும்.

நம்முடைய சர்வேயர் அந்த நாகரிகத்தை வெகுகாலமாக நாடா பிடித்து அளந்து வருபவர். நகராட்சி அலுவலகத்தில் அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு நாடா, ஒரு சிவப்புச் சாய டப்பா. எந்தச் சுவர் தெருவுக்குள் மூக்கை நீட்டுகிறதோ அதன் மேல் சிவப்புக் கோடு போடுவார். பின்னாலேயே இடிக்கும் இயந்திரம் வரும். அவர் கோடு போட்டுப் பிழைத்த சுவர் என்று ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே அவருடைய பழைய ஸ்கூட்டர் எந்தத் தெருவில் நின்றாலும் நாலு வீட்டிலிருந்து டீ வந்துவிடும்.

வெளியில் இப்படிப் புலி. வீட்டில் அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறை அவளுடையது. அதைக் கட்டியது அவள் தைத்த காசு. தெருவைப் பார்த்த ஜன்னல், ஜன்னலடியில் தையல் மெஷின், பக்கத்தில் துணி வெட்டும் மேசை. அந்த அறைக்குள் சர்வேயர் செருப்போடு நுழைந்தால்கூட அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவாள். அது நல்ல சகுனம் அல்ல.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் ஒரு பெரிய வண்டி வாங்கினார். சாதாரணப் பெரிசு இல்லை. ஏற ஒரு படி, இறங்க ஒரு யோசனை வேண்டும். குடிக்கிற பெட்ரோலுக்கு அளவே கிடையாது. சாயங்காலமானால் அதில் ஏறி உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டு, குளிர்காற்றைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்பார். வண்டி நகராது. அதன் முன்பகுதி பக்கத்து வீட்டு வாத்தியாரின் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருக்களித்து, வயிற்றை எக்கி, தன் வீட்டுக்குள்ளேயே திருடனைப் போல நுழைவார்.

வாத்தியார் மனு எழுதினார்: இவ்வளவு பெரிய, எரிபொருள் குடிக்கும் வண்டி வைத்திருப்பது சுயநலம். மருந்துக்கடைக்காரரும் விடவில்லை. என் வண்டி, என் பெட்ரோல், இது என் தனிமனித சுதந்திரம் என்று பதில் மனு போட்டார். இரண்டும் ஒரே நாளில் ஆணையர் மேசைக்கு வந்தன.

"இது எந்தப் பிரிவுக்குப் போகணும்?" என்று ஆணையர் தலைமை எழுத்தரைக் கேட்டார்.

"சுயநலத்துக்குன்னு நம்ம ஆபீஸ்ல தனிப் பிரிவு கிடையாதுங்க. எல்லாப் பிரிவுலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு."

"சரி, சுதந்திரம்?"

"அது எந்தப் பிரிவுலயும் இல்லீங்க."

ஆணையர் ஆழ்ந்து சிந்தித்தார். "ரெண்டு மனுவுலயும் வண்டியோட அகலத்தைப் பத்திப் பேசறாங்க. அகலம்னா சர்வேயர். கூப்பிடுங்க அவரை."

"நான் அதே தெருவுல குடியிருக்கேன் சார். ஒருதலைப்பட்சம்னு சொல்லுவாங்க" என்றார் சர்வேயர்.

"உங்க வீடு தெருவுக்கு எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்."

"அவங்க ரெண்டு பேரும்?"

"அந்தப் பக்கம்."

"அப்ப நீங்க எந்தப் பக்கமும் சாயலையே" என்று ஆணையர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்று மாலையே சர்வேயர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வண்டியின் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே பாட்டு ஓடியது. கீழே ஏதோ அசைவதாக மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தது. பூனை என்று நினைத்து ஹாரன் அடித்தார்.

மறுநாள் இதைக் கேட்ட ஆணையருக்கு முகம் சிவந்தது. "விசாரிக்கிறவர் நிமிர்ந்தும், விசாரிக்கப்படறவர் குனிஞ்சும் பார்த்தா அது விசாரணை இல்லய்யா, யாசகம். அலுவலகத்தோட மானம் என்ன ஆறது? அவர் வண்டியை விட ஒரு சாண் உயரமா நமக்கு ஒரு வண்டி வேணும்."

வேறு எதற்கும் நிதி இல்லாத அலுவலகத்தில் மானத்துக்கு மட்டும் நிதி இருந்தது. வண்டி வந்தது. தெருமுனையில் திரும்பும்போது ஒரு விளக்குக் கம்பம் சாய்ந்து வழிவிட்டது. வாத்தியார் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "இது வண்டியா, மண்டபமா?" என்றார். அன்றிலிருந்து அதற்கு மண்டபம் என்றே பெயர் நின்றுவிட்டது.

சர்வேயர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அறைக்குள் வெளிச்சம் போய்விட்டது. எழுந்து விளக்கைப் போட்டாள்.

"இத எங்க கட்டப் போறீங்க?"

"அரசாங்கச் சொத்து. என் கண்ணெதிர்லதான் நிக்கணும்னு உத்தரவு. வாசல்லயே நிக்கட்டும்."

"நிக்கட்டும். ஆனா சொல்லிட்டேன், என் அறை மேல ஒரு கீறல் விழக் கூடாது."

"உன் அறையை யாரு தொடுவா? நான்தானே சர்வேயர்" என்று சிரித்தார். பாவம், நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அவர் படித்ததில்லை போலும்.

விசாரணை முறைப்படி தொடங்கியது. எதிர்வீட்டுக்குப் போக வேண்டும், ஆனால் மண்டபத்தின் முகம் தவறான திசையில் இருந்தது. திருப்ப இடமில்லை. ஆகவே பின்பக்கமாகவே தெருவை விட்டு வெளியேறி, ஊரைச் சுற்றி, மறுமுனை வழியாக எதிர்வீட்டை வந்தடைந்தார். வழியில் ஒரு தடவை பெட்ரோல் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்குக் கண்ணாடி, சரிக்குச் சரியாக உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"இவ்வளவு பெரிய வண்டி எதுக்கு வாங்கினீங்க?"

"பயம் சார். ரோட்டுல எல்லாம் ராட்சச வண்டியா வருது. சின்ன வண்டியில போனா நசுக்கிடுவாங்க."

"அந்த ராட்சச வண்டிய எல்லாம் யாரு ஓட்டறாங்க?"

"என்னை மாதிரி பயந்தவங்கதான்."

"கடைக்கு இதுலதான் போறீங்களா?"

"நடந்துதான் போறேன். வண்டிய எடுத்தா திரும்பி வந்து நிறுத்த இடம் இருக்காதே."

"அப்ப வண்டி எதுக்கு?"

மருந்துக்கடைக்காரர் பாட்டைக் குறைத்தார். "சுதந்திரம்னா போறது இல்ல சார். நினைச்சா போகலாம்கிற அந்த நினைப்பு."

ஸ்கூட்டரில் இருந்தபோது இதே பேச்சைக் கேட்டிருந்தால் சர்வேயருக்கு எரிச்சல் வந்திருக்கும். மண்டபத்தின் மெத்தென்ற இருக்கையில், குளிர்காற்று முகத்தில் படக் கேட்டபோது, மனுஷன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று பட்டது. நியாயம் மனுஷனுக்குள் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் இருக்கையை மாற்றிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு மண்டபம் அவர் வாசலை விட்டு நகரவில்லை. அலுவலகம் ஒதுக்கிய பெட்ரோல், பங்க் வரை போய் நிரப்பிக்கொண்டு வீடு திரும்புவதற்குத்தான் சரியாக இருந்தது. சர்வேயர் ஸ்கூட்டரிலேயே வேலைக்குப் போனார். எரிபொருளைச் சிக்கனப்படுத்தியதற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

ஆனால் தெரு அடைபட்டுப் போயிற்று. இந்தப் பக்கம் மண்டபம், அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரர் வண்டி, நடுவில் ஒரு ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு போகலாம். வாத்தியார் மறுபடி ஆணையரிடம் போய் நின்றார். ஆணையர் விதிப் புத்தகத்தைப் புரட்டச் சொன்னார். அதில் தெளிவாக இருந்தது: தெருவின் அகலம், அதில் முறைப்படி நிற்கும் மிகப் பெரிய வண்டியின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு இருக்க வேண்டும்.

"முறைப்படி நிக்கிறது நம்ம வண்டி ஒண்ணுதான். கம்பெனி சொன்ன அளவு இம்மி பிசகாம இருக்கு. ஆக, வண்டி மேல தப்பு இல்ல. தெருதான் சின்னதா இருக்கு" என்றார் ஆணையர். "நல்ல வேளை, நேரத்துல கண்டுபிடிச்சோம்."

சர்வேயர் நாடாவைப் பிடித்தார். அளந்தார். முகம் வெளுத்துவிட்டது. நாடா ஒருவேளை சுருங்கியிருக்குமோ என்று வெயிலில் போட்டு எடுத்து மறுபடி அளந்தார். நாடா சுருங்கவில்லை. அந்தப் பக்கத்து வீடுகளின் காம்பவுண்டும், இந்தப் பக்கத்து வீடுகளின் முன்னறைகளும் தெருவுக்குள் இருந்தன. ஆணையரிடம் ஓடினார்.

"சார், என் வீட்டை மட்டும்..."

"சொந்த வீட்டை விட்டுட்டா ஊரு சிரிக்காதா? கோட்டை உங்க சுவர்லயிருந்தே ஆரம்பிங்க. முன்மாதிரியா இருக்கும்."

சிவப்பு டப்பாவோடு அவர் வாசலில் நின்றபோது உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தூரிகை சுவரில் பட்டதும் நின்றது. அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"கடமை."

"கடமைக்கு வேற சுவர் கிடைக்கலையா?"

அவர் தூரிகையை மறுபடி சாயத்தில் தோய்த்தார். எத்தனை வீட்டில் இப்படிக் கோடு போட்டிருக்கிறோம், அத்தனை பேரும் எப்படித்தான் டீ கொடுத்தார்களோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தார். அவள் டீ கொடுக்கவில்லை.

இடிக்கும் இயந்திரம் வருவதற்கு முன் அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டில் மீதி நிற்கப் போவது ஒரு படுக்கையறையும் அடுப்படியும். சுற்றிலும் பார்த்தாள். பிறகு மண்டபத்தின் பின்கதவைத் திறந்து, இருக்கைகளை மடக்கிவிட்டு, மெஷினை உள்ளே வைத்தாள்.

"ஐயோ, அது அரசாங்கச் சொத்து" என்றார் சர்வேயர்.

"என் அறை?"

சர்வேயர் போய் அவளுடைய நூல் டப்பாவை எடுத்துவந்து கொடுத்தார்.

தெரு அகலமாகிவிட்டது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. நஷ்டஈடும் வந்தது. இவ்வளவு அகலமான தெருவை வெறுமனே விடுவதாவது? வீட்டுக்கு வீடு பெரிய வண்டி வந்து, தெருவுக்குக் குறுக்கே மூக்கை நீட்டி நின்றது. வாத்தியார் வீட்டில் வந்ததுதான் எல்லாவற்றிலும் உயரம்.

"என்ன சார், நீங்களுமா?" என்றார் சர்வேயர்.

"நான் சுயநலத்துக்கு வாங்கலை, தற்காப்பு" என்றார் வாத்தியார் உயரத்திலிருந்து. "நான் மட்டும் கொள்கையோட தரையில நின்னா, கொள்கையும் நசுங்கும், நானும் நசுங்குவேன்."

"சுயநலம்னு மனு எழுதினீங்களே?"

"அப்ப எங்கிட்ட வண்டி இல்லையே."

ஒரு மாதத்துக்குள் தெரு பழைய அகலத்துக்கே வந்துவிட்டது. நடுவில் ஒரு ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு போகலாம்.

தையல்காரிக்கு மட்டும் வேலை குவிந்தது. வண்டிகளுக்கெல்லாம் உறை தைக்க வேண்டியிருந்தது. மண்டபத்தில் நாலு பக்கமும் ஜன்னல், நல்ல வெளிச்சம். கணவனிடம் மெல்லப் பேசவும் ஆரம்பித்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் சர்வேயர் அறிக்கையை எழுதி முடித்தார். அறிக்கை சொன்னது: பெரிய வண்டி, கீழே நிற்பவர் பார்வையில் சுயநலம், மேலே இருப்பவர் பார்வையில் சுதந்திரம், இதனால் பாதிக்கப்பட்டோர் இப்போது எவரும் இல்லை, அனைவரும் மேலே இருப்பதால்.

ஆணையர் உச்சி குளிர்ந்து போனார். "பிரமாதம். கோப்பை மூடிடலாம். திங்கட்கிழமை வண்டியை ஒப்படைச்சிடுங்க."

சர்வேயர் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். மெஷின் நின்றது. அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா, நான் எங்க உக்காந்து தைக்கிறது? நடுத்தெருவுலயா?"

அவருக்குக் கோடு போடத் தெரிந்த அளவுக்கு அழிக்கத் தெரியவில்லை. "என்ன பண்ணச் சொல்ற? விசாரணை முடிஞ்சு போச்சு" என்றார்.

"முடிஞ்சு போச்சா" என்று மட்டும் கேட்டுவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாவியோடு அலுவலகம் போனவரை ஆணையர் உட்காரச் சொன்னார். மேசை மேல் புது மனு ஒன்று. தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது. வாத்தியாரும் மருந்துக்கடைக்காரரும் ஒருவர் கீழ் ஒருவராக, சொந்த அண்ணன் தம்பி மாதிரி.

"எங்கள் தெருவில் ஒருவர் சிறிய ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்" என்று ஆணையர் படித்தார். "எங்கள் உயரத்திலிருந்து அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இடித்துவிடுவோமோ என்ற பயத்தில் நாங்கள் நிம்மதி இழந்து வாழ்கிறோம். ஊரோடு ஒத்து வாழாமல் இப்படிச் சின்ன வண்டி வைத்திருப்பது சுயநலமா, தனிமனித சுதந்திரமா?"

"சார், அது என் ஸ்கூட்டர்."

"அப்ப உங்களை விட நல்லா யாரு விசாரிக்க முடியும்? ஆனா குற்றம் சாட்டப்பட்ட வண்டியிலயே விசாரணைக்குப் போறது முறையாகாது. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். கூட ஏதாவது வசதி வேணும்னா கேளுங்க."

அவர் சாவியோடு வீடு திரும்பினார். மண்டபத்தின் பின்கதவு திறந்திருந்தது. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"மனு உன் வேலையா?"

"பின்னே? உறை வாங்க வந்தவங்ககிட்ட எல்லாம் ஒரு கையெழுத்து வாங்கினேன். விசாரணை நடக்கிற வரைக்கும் வண்டி வாசல்லதானே நிக்கும்?"

"கட்டின புருஷன் மேலயே மனுவா?"

"என் சுவர் மேல கோடு போட்டவருதானே" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். பிறகு நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "இந்தத் தடவை இதை விட அகலமா ஒரு வண்டி கேளுங்க. துணி வெட்டற மேசை போட இடம் பத்தல" என்றாள்.

"அதுக்கு இந்தத் தெரு காணாதே. மறுபடி அளந்தா கோடு அடுப்படிக்குள்ள போகும்."

"போகட்டும். அடுப்பையும் தூக்கி இதுக்குள்ள வெச்சுக்கலாம்."

சர்வேயர் அடுப்படிச் சுவரைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். பிறகு சிவப்பு டப்பாவை எடுத்து, சாயம் மிச்சம் இருக்கிறதா என்று காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.