பத்து நிமிட நாற்காலி

சிவகுமார் கத்தரிக்கோலைக் கீழே வைப்பதற்குள் கிருஷ்ணம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க அது? கல்யாணப் பத்திரிகை மாதிரியையா வெட்டிட்டீங்க?"

"நீலக் கலரு இதுல மட்டும்தான் இருந்துச்சு."

"ஏன், பேட்டையில கடையே இல்லியா?"

"சிவப்பு இருக்குது, மஞ்ச இருக்குது. நீல அட்டை வேணும்னா ரேஷன் ஆபீசுக்குப் போங்கன்றான்."

வெட்டப்பட்டது அச்சகத்தில் கொடுத்த மாதிரிகளில் ஒன்று. ஒரு பக்கம் நல்ல கருநீலம், மறுபக்கம் தங்க நிறப் பிள்ளையார். இன்னும் நிச்சயமே ஆகாத கல்யாணத்துக்குப் பத்திரிகை மாதிரி வாங்கி வைத்தது கிருஷ்ணம்மாவின் அவசரம். அதை வெட்டியது சிவகுமாரின் அவசரம்.

சிவகுமார் ஆறு நாள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். ஏழாவது நாள் கழுத்தில் விசில் மாட்டிக்கொள்வார். இருபத்திரண்டு வருஷமாகக் கோலார் தங்கவயலில் அவர் நடுவராக நிற்காத மைதானமில்லை. "சிவகுமார் பெத்த தாயா இருந்தாலும் விசில் ஊதுவான்" என்று சொல்வார்கள். பாராட்டா, புகாரா என்று அவருக்கு இதுவரை தெரியாது.

இந்த வருஷம் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான போட்டியில் ஒரு புதுமை. கால்பந்து உலகின் பெரிய தலைகள் கொண்டுவருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சட்டத் திருத்தங்களை, நம்மூர்ச் சங்கம் யோசிக்காமலே அமல்படுத்திப் பார்ப்பதென்று முடிவு செய்திருந்தது. கேப்டனைத் தவிர யாரும் நடுவரிடம் பேசக்கூடாது. வேண்டுமென்றே தப்பு செய்தாலோ நடுவரை எதிர்த்துப் பேசினாலோ நீல அட்டை; பத்து நிமிஷம் வெளியே ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். ஏன் உட்காருகிறார் என்பதை நடுவர் ஊருக்கே கேட்கும்படி கைமைக்கில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் சங்கச் செயலாளர் ஏசுபாதத்திடமிருந்து போன் வந்தது.

"சிவா, ராபர்ட்சன்பேட்டை டீம்ல கேப்டன மாத்திட்டாங்க."

"யாரு?"

"பாண்டுரங்கன். பாத்திரக்கடை."

சிவகுமார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பாண்டுரங்கனின் மகன் ராகவுக்கும் சிவகுமாரின் மகள் லதாவுக்கும்தான் சம்பந்தப் பேச்சு. இரண்டு பேரும் ஒரே ரயிலில் பெங்களூருக்குப் போய் வந்ததில் ஆரம்பித்தது, பெரியவர்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் பெண் பார்க்க வந்தார்கள். பாண்டுரங்கனின் அக்கா குணசுந்தரி ஒரு மணி நேரம் பேசினாள். பாண்டுரங்கன் ஒரு வார்த்தை பேசவில்லை. கேசரியைப் பார்த்தபடி இருந்துவிட்டு எழுந்து போனார். 'அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்றோம்' என்று குணசுந்தரி சொல்லிவிட்டுப் போனாள்.

லதாவும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ராகவ எனக்குத் தெரியும்பா. அவங்கப்பாவதான் புரியல. என்னை நிமிர்ந்துகூட பாக்கல. புரியாத வூட்டுக்கு எப்படிப்பா போறது?"

ஆக, இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வரவேண்டிய அதே ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தியாக வரப்போகிறவர் மைதானத்தில் எதிரே நிற்கப்போகிறார்.

"வேணும்னேதான் போட்டிருக்கானுங்க ஏசுபாதம். கேப்டன் மட்டும்தானே என்கிட்ட பேசலாம்? அவரு பேசினா நான் இன்னா சொல்வேன்? என்னை வுட்டுடு. விசில் ஊத ஏனோக்கக் கூப்பிடு."

"ஏனோக்குக்கு முட்டி வீங்கியிருக்குது. அதுவுமில்லாம நாற்காலிகிட்ட உக்காந்து நேரம் பாக்கவே எனக்கு ஆள் கெடைக்கல. நீ வேற கழுத்தறுக்காத."

சிவகுமாருக்கு ஒரு யோசனை தோன்றியது. பெண் பொறுப்பாக ஒரு வேலை செய்வதைச் சம்பந்தி பார்த்தால் நல்லதுதானே?

"லதா வருவா நேரம் பாக்க. நாற்காலியும் எங்க வூட்டுதே எடுத்தாந்துர்றேன்."

பாலகாட் மைதானத்துக்குப் பின்னால், தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. காற்று அடித்தால் மேட்டுத் தூசி ஆட்டக்காரர்களோடு சேர்ந்து ஓடும். கோட்டுக்கு வெளியே சரோஜம்மாவின் டீக்கடை வண்டி. அதை ஒட்டி சிவகுமார் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்து ஸ்டூலில் லதா, கையில் போன். நாற்காலிக்கு அதற்குள், சுரங்கத்தில் ஆளை இறக்கும் கூண்டின் பெயரையும் வைத்துவிட்டார்கள்.

"யார்ப்பா மொதல்ல கேஜுல எறங்கறது?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பழைய சுரங்கக்காரர் கத்தினார்.

சிவகுமார் நடுவட்டத்தில் நின்று கேப்டன்களுக்குச் சட்டத்தை விளக்கினார். பாலகாட் கேப்டன் முனியப்பன், கிருஷ்ணம்மாவின் கூடப்பிறந்த தம்பி. தங்கவயலில் சொந்தக்காரர் இல்லாத ஆட்டம் ஆட வேண்டுமென்றால் வெளியூருக்குத்தான் போக வேண்டும்.

"எதுனா சந்தேகம் இருக்குதா?" என்றார் சிவகுமார்.

பாண்டுரங்கன் தொண்டையைச் செருமினார். "பத்து நிமிஷம்னா, முழுசா பத்து நிமிஷமா சார்?"

"முழுசாதான் சார்."

"ரெண்டாவது தபா போனா?"

"மறுபடி பத்து. அப்புறம் ஆட்டத்துல கெடையாது."

"வூட்டுக்குப் போய்டணுமா? இல்ல, அங்கயே உக்காந்துக்கலாமா?"

முனியப்பன் சிரித்துவிட்டான். சிவகுமாருக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தபோது ஒரு மணி நேரம் வாய் திறக்காத மனிதர், சட்டத்தைக் கிண்டல் பண்ண மட்டும் வாய் திறக்கிறாரே!

ஆட்டம் ஆரம்பித்தது. பாண்டுரங்கனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருஷமாகப் பின்வரிசையில் ஆடுகிறவர், ஒருவர் காலையும் மிதித்ததில்லை. தவறி இடித்துவிட்டால் "சாரிப்பா" என்று நின்று சொல்லிவிட்டு வருவார். அதற்குள் கோல் விழுந்துவிடும்.

அப்படிப்பட்டவர் எட்டாவது நிமிஷத்தில் பாலகாட்டின் அனிலை இடுப்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அனில் முன்னால் போக, பின்னாலேயே இழுபட்டு வந்தார். அப்படியே சிவகுமாரின் முகத்தையும் பார்த்தார்.

சிவகுமார் சயனைடு மேட்டைப் பார்த்தார்.

முனியப்பன் ஓடி வந்தான். "மாமா, கண்ணு தெரியலியா? விசிலு எங்க?"

"கண்ணுல தூசி வுழுந்துடுச்சுடா."

"சம்பந்தி தூசியா?"

கைமைக்கின் பொத்தான் அழுந்தியிருந்ததைச் சிவகுமார் கவனிக்கவில்லை. மாமா, மச்சான் உரையாடல் மைதானம் முழுக்கக் கேட்டது. "சம்பந்தித் தூசி! சம்பந்தித் தூசி!" என்று கூட்டம் கைதட்ட ஆரம்பித்துவிட்டது.

தன் நேர்மையை அந்த நொடியே நிரூபித்தாக வேண்டும் என்று சிவகுமாருக்குத் தோன்றியது. முதல் நீல அட்டையை முனியப்பனுக்குக் காட்டினார்.

"நடுவரை எதிர்த்துப் பேசியதற்காகப் பத்து நிமிடம்."

"வூட்ல அக்காகிட்ட நீங்க பேசிக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு முனியப்பன் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த கையோடு கூட்டத்திலிருந்த அக்காவுக்குப் போன் போட்டான். கிருஷ்ணம்மா அங்கிருந்தே பார்த்த பார்வை சிவகுமாருக்குத் தெரிந்த பார்வைதான்.

அந்தப் பத்து நிமிஷமும் பாண்டுரங்கன் பசுவாக இருந்தார். ஒரு தடவை மட்டும் சிவகுமாரின் பக்கத்தில் வந்தார்.

"சார், நான் புடிச்சது தப்புதானே?"

"பரவால்லீங்க."

"பரவால்லன்னா எப்படி சார்? ரூல்னு சொன்னீங்களே."

குரலில் அவ்வளவு வருத்தம். குத்திக் காட்டுகிறார் என்றே சிவகுமார் நினைத்தார்.

முனியப்பன் எழுந்து வந்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. பாண்டுரங்கன் ஓடுகிற பந்தைக் குனிந்து இரண்டு கையாலும் எடுத்தார். சிவகுமாருக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். பிறகு சயனைடு மேட்டைப் பார்த்து ஓங்கி உதைத்தார். பந்து மேட்டில் ஏறி நின்றுவிட்டது.

இதற்கும் தூசி என்று சொன்னால் ஊர் அடிக்கும். சிவகுமார் அட்டையை எடுத்து உயர்த்தினார். அவசரத்தில் மறுபக்கம் திரும்பிவிட்டது. வெயிலில் தங்கப் பிள்ளையார் மின்னினார்.

"நிச்சயதார்த்தத்துக்கு அழைக்கிறாருடோய்!" என்று கூட்டம் கூவியது.

மரியாதை குறையக்கூடாது என்று கைமைக்கில் சிவகுமார் குழைந்தார். "மரியாதைக்குரிய பாண்டுரங்கன் அவர்கள், பந்தைக் கையால் எடுத்த காரணத்தால், தயவுசெய்து பத்து நிமிடம் வெளியில் அமருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பாண்டுரங்கன் நடந்து போகவில்லை, ஓடினார். கோபத்தில் ஓடுகிறார் என்று சிவகுமார் முடிவு கட்டினார்.

அதன் பிறகு அவர் கண் பந்தின் மேல் இல்லை. ஐந்தாவது நிமிஷம் திரும்பிப் பார்த்தபோது லதா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. குழந்தை அழுகிறாள்! என்ன சொன்னாரோ அந்த மனிதர்!

ஆறாவது நிமிஷம் அவரை உள்ளே அனுப்பச் சொல்லி லதாவுக்குச் சைகை காட்டினார். தண்டனையைக் குறைத்தால் கோபமும் குறையுமே என்ற ஆசைதான்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்குது சார்!" என்று பாண்டுரங்கன் அங்கிருந்தே கத்தினார். "சட்டம்னா சட்டம்!"

மைதானமே கைதட்டியது. சிவகுமார் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து நிமிஷம் முடிந்து வந்தவர் நேராக நடுவரிடம்தான் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மன்னிச்சிக்குங்க சார். நீங்க இன்னிக்கி குடுத்த முடிவு எல்லாமே தப்பு."

"சார், வேணாம் சார். எதிர்த்துப் பேசினா அட்டை காட்டணும்."

"அதான் பேசறேன் சார்."

சிவகுமாருக்கு அப்போதுதான் புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்தார். சம்பந்தம் வேண்டாம் என்று வாயால் சொல்லத் தெரியாத மனிதர், ஊர் முன்னால் காலாலும் கையாலும் சொல்கிறார். இரண்டாவது அட்டையைக் காட்டும்போது அவருக்குக் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. இந்தத் தடவை தூசி அடிக்கவில்லை.

பாண்டுரங்கன் ஆட்டம் முடியும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கேப்டன் இல்லாத ராபர்ட்சன்பேட்டை இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. கைகுலுக்கக்கூட நிற்காமல் அவர் ஸ்கூட்டரில் போய்விட்டார். ஜெயித்த பாலகாட்டும் முறைத்துக்கொண்டு போனது. தோற்ற பேட்டையும் முறைத்துக்கொண்டு போனது. லதா கைமைக்கைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி ஏசுபாதம் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

வீட்டில் கிருஷ்ணம்மா செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"என் தம்பிய உக்கார வெச்சீங்க. சம்பந்திய ரெண்டு தபா உக்கார வெச்சீங்க. இப்போ உங்க பொண்ணு ஆயுசுக்கும் வூட்ல உக்காரப் போறா. நல்லா ஊதுங்க விசிலு."

சிவகுமார் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தப்பான முடிவுக்காகவும் அவர் இப்படி வருந்தியதில்லை. ஒரு சரியான முடிவுக்காக வருந்தினார். லதா சிறுவயதில் இந்த விசிலை ஊதிக்கொண்டு வீடு முழுக்க ஓடியது ஞாபகம் வந்தது.

ஆறு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம். பாண்டுரங்கனும் அவர் மனைவி வள்ளியும். வள்ளியின் கையில் பூவும் பழமும் வைத்த தட்டு. பின்னாலேயே லதாவும் வந்து சேர்ந்தாள்.

"எங்களுக்குப் பூரண சம்மதங்க" என்றாள் வள்ளி. "கிரவுண்ட்லேர்ந்து நேரா வந்து, 'அந்தப் பொண்ணுதான் நம்ம வூட்டுக்கு'ன்னுட்டாரு. எங்க நாத்தனாரக்கூட கேக்கல."

கிருஷ்ணம்மா மகளைப் பார்த்தாள். "நீ இன்னாடி சொல்றே?"

"எனக்கும் சம்மதம்மா."

பாண்டுரங்கன் வழக்கம்போல ஒரு வார்த்தை பேசவில்லை. தரையைப் பார்த்துச் சிரித்தபடி காபி குடித்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் தெரு திரும்பும்வரை பொறுத்திருந்த சிவகுமார், ஆணியிலிருந்து விசிலை எடுத்து மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார். முதுகு தானாக நிமிர்ந்தது.

"பாத்தியா கிருஷ்ணா? இதான் நேர்மைக்கு மரியாதை. சம்பந்தின்னு பாக்காம அட்டை காட்டினேன் பாரு, அங்க வுழுந்துட்டாரு மனுஷன். இப்படி ஒரு நடுவர் வூட்ல பொண்ணு எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டாரு. இந்தச் சட்டத்த உலகம் பூரா கொண்டாரணும். நானே லெட்டர் போடப் போறேன்."

லதா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள் குலுங்கியது.

அப்போது பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு டீக்கடை சரோஜம்மா வாசலில் வந்து நின்றாள். "உங்க நாற்காலிய மறந்துட்டு வந்துட்டீங்களே" என்று இறக்கி வைத்தாள்.

"நல்லா பத்திரமா வைக்கணும் சரோஜம்மா" என்றார் சிவகுமார். "சட்டத்துக்கு ஒரு பெரிய மனுஷன் தலைவணங்கின நாற்காலி அது."

"சட்டத்துக்கா? நல்லா சொன்னீங்க போங்க!" என்றாள் சரோஜம்மா. "ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டீயக் கையில வெச்சுக்கினு அந்த மனுஷன் எங்கிட்ட கேட்டாரு: 'எங்க அக்கா நடுவுல பூந்து பேசாம அந்தப் பொண்ணுகிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசணும், பாக்கறவங்களும் தப்பா பேசக் கூடாது, இன்னா தப்பு பண்ணா அந்த நாற்காலிக்கு அனுப்புவாங்க சரோஜம்மா?'"