கற்பூரம் கொளுத்தி ஏறிய மலை

உட்காரத் தெரியாத மனிதர் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் கெளம்பு சார். வேங்கிக்கால் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி அவருடையது என்று எல்லோரும் சொல்வார்கள். நாற்காலிக்கு மட்டும் அந்தச் செய்தி தெரியாது. வாங்கிய அன்றைய பளபளப்போடு அப்படியே இருந்தது. மனிதர் கோப்புகளை நின்றுகொண்டே படிப்பார், நடந்துகொண்டே கையெழுத்துப் போடுவார்.

கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டும் முன்பே அட்சதையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். "கெளம்பலாமா சார்?" என்பார். அதிலிருந்து வந்ததுதான் அந்தப் பட்டப்பேர். சினிமாவில் வில்லன் சாவதை அவர் பார்த்ததே இல்லை. அவரைப் பொறுத்தவரை எல்லா வில்லன்களும் இன்னும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். ஒருமுறை பல் டாக்டரிடமிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டார். அந்தப் பல்லில் பாதி இன்றைக்கும் அவர் வாயில் இருக்கிறது.

செங்கம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் அவர் வீடு. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு மாடி அறையை வாடகைக்கு விடுவார். போன வருஷம் அதில் சிக்கிமிலிருந்து வந்த ஒரு புத்த பிக்கு மூன்று மாதம் தங்கினார். மழித்த தலை, அரக்கு நிற அங்கி, ஓயாத சிரிப்பு. சாருடைய வயதுதான் இருக்கும். நாங்கள் லாமா என்று கூப்பிட்டோம். இரண்டு பேரும் மூன்று பௌர்ணமிக்கு அண்ணாமலையார் மலையைச் சுற்றிக் கிரிவலம் போனார்கள். சார் முன்னால் ஓடுவார், லாமா பின்னால் சிரித்துக்கொண்டே வருவார். ஒருவர் மொழி மற்றவருக்கு நாலு வார்த்தைக்குமேல் தெரியாது. ஆனாலும் சாருக்கு அப்படி ஒரு சிநேகிதர் வேறு யாரும் கிடையாது.

லாமா ஊருக்குத் திரும்பிய அன்று மாடிப்படியில் நின்று, சாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சார் விடவில்லை. "டைம் ஆச்சு, கெளம்பு கெளம்பு" என்று அவரை ஆட்டோவில் தள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டார். பஸ் புறப்பட ஒன்றரை மணி நேரம் பாக்கி இருந்தது.

அன்றிலிருந்து பிடித்தது சனி.

"அவரு இன்னா சொல்ல வந்தாருன்னே தெரியல சார். பாதியில கெளப்பிட்டேன்."

"போன் பண்ணிக் கேளுங்களேன்."

"அவரு மடம் இருக்குற மலையில டவரே இல்லியாம். அதுவும் இல்லாம, கையப் புடிச்சி சொல்ல வந்தத போன்ல கேக்கக்கூடாது சார்."

தூக்கம் கம்மி, புலம்பல் ஜாஸ்தி என்று ஆகிவிட்டது. கடைசியில் நேரில் போய்க் கேட்பது என்று முடிவெடுத்து, துணைக்கு என்னையும் இழுத்தார். காட்பாடியில் ரயில் ஏறினோம். ஏசி கீசி எல்லாம் கிடையாது, ஸ்லீப்பர்தான். சாப்பாட்டுக்குப் புளிசாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். சார் முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் நடையாய் நடந்தே வங்காளம் போய்ச் சேர்ந்தார். டீ விற்கிற ஒருவர் இவரையும் தொழில்காரர் என்று நினைத்து, கேனைக் கையில் கொடுத்துவிட்டு பாத்ரூம் போய்விட்டார். அங்கிருந்து மலையேறிய ஷேர் ஜீப்பில் சார் பின்னால் தொங்கிக்கொண்டே வந்தார்.

மலையடிவாரத்தில் காலையில் இறக்கிவிட்ட டிரைவர், "ரெண்டு மணிக்குத் திரும்புவேன், விட்டால் நாளைக்குத்தான்" என்று இந்தியில் சொன்னார். நாளைக்கு என்றால் எங்கள் ரயில் போய்விடும். நிமிர்ந்து பார்த்தேன். கல் படிகள் மேகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. உச்சியில் சின்னதாக, வெள்ளையாக லாமாவின் மடம்.

சார் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டார். மலையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு இடது பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார்.

"சார், எங்க போறீங்க? படி இங்க இருக்குது!"

"மலைய மிதிக்கச் சொல்றீங்களா? சாமி சார் அது! சுத்தி வரேன். நீங்க மேல போயி லாமாவ கீழ இட்டுனு வாங்க."

எங்கள் ஊரில் மலையே சாமி. சுற்றுவோம், சும்மா ஏற மாட்டோம். ஆனால் அது தார் ரோடும் சுக்கு காபிக் கடையும் போட்ட மலை. இந்த மலை பக்கத்து மலையோடு ஒட்டி, அது அடுத்ததோடு ஒட்டி, நேபாளம் வரை போகிறது. முழுசாகச் சுற்றிவிட்டு வந்தால் ரிட்டயர்மென்ட் ஆர்டரைத்தான் வாங்க முடியும். நானும் அவர் பின்னால் ஓடினேன். அரை மணி நேரத்தில் ஏலக்காய்த் தோட்டம் முடிந்து பெரிய பள்ளம் வந்தது. அதற்குமேல் பாதை இல்லை. மேலே லாமா, கீழே இவர், நடுவில் ஒரு சாமி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"கார்த்திகை தீபத்தன்னிக்கு நம்ம ஊர்லயும் ஜனங்க ஏறுதே சார்!"

"அது தீபம். இன்னிக்கு இன்னா தீபமா?"

கேட்டவர் அப்படியே நின்றார். திரும்பிப் படிகளை நோக்கி ஓடினார். பையைக் கவிழ்த்துக் கற்பூரத்தைத் தேடியெடுத்து, முதல் படியில் வைத்துக் கொளுத்தினார். "அண்ணாமலையாருக்கு அரோகரா!" விறகுக் கட்டோடு இறங்கி வந்த ஒரு அம்மாள் மிரண்டுபோய், தானும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"தீபம் ஆயிடுச்சி சார். கெளம்பு கெளம்பு!"

இரண்டு மணி நேர ஏற்றத்தை அவர் ஒரு மணி நேரத்தில் முடித்தார். நான் நாக்கு தள்ளப் போய்ச் சேர்ந்தபோது சார் மடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து வாசலை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். அங்கே தண்ணீர்க் குடத்தோடு நின்ற லாமா அவரைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தார்.

"கெளம்பு!" என்றார் வாயெல்லாம் பல்லாக. அதுதான் இவர் பேர் என்று நினைத்திருக்கிறார்.

சார் மூச்சு வாங்கக் கேட்டார். "அன்னிக்கு படியில... கையப் புடிச்சி... இன்னா சொல்ல வந்தீங்க?" லாமாவுக்குப் புரிவதற்காக அவர் கையைப் பிடித்தே காட்டினார்.

லாமா யோசித்தார். மறந்திருப்பாரோ என்று எனக்குப் பயம். இத்தனை தூரம் வந்து, மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டால் இந்த மனிதர் தாங்க மாட்டார். லாமா மூன்று மாதத்தில் கற்ற தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"டீ."

"டீயா?"

"பஸ்... டைம் ஜாஸ்தி. உக்காரு. ஒரு டீ. நீ, நான்." கொஞ்சம் நிறுத்தினார். "மூணு மாசம்... நீ உக்காரல."

 சாருக்குக் கண் கலங்கியது. சுவரோரம் கம்பளி விரித்த பலகை ஒன்று கிடந்தது. அதில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் திறந்த வாய் மூடவில்லை. லாமா டீ கொண்டுவந்தார். வெண்ணெயும் உப்பும் போட்ட டீ, வாயில் வைக்க முடியவில்லை. சார் அதைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தார். இரண்டு பேரும் எதிரே இருந்த பனிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணி ஒன்றைத் தாண்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னேன்.

"சார், கெளம்பலாமா? ஜீப்பு போயிடும்."

"போவட்டும் சார். இன்னொரு டீ வருது."

ஜீப்பும் போனது, ரயிலும் போனது. அன்ரிசர்வ்டு பெட்டியில் இரண்டு நாளும் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாளே சார் பழையபடி நடந்துகொண்டே கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். ஒரே ஒரு மாற்றம்தான். பதினொரு மணிக்கு டீ வந்தால், அந்தப் பளபள நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். என் டம்ளர் காலியாகிற வரைக்கும் எழுந்திருப்பதில்லை.

அதனால் இப்போதெல்லாம் நான் டீயை ரொம்ப மெதுவாகக் குடிக்கிறேன்.