பூச்சியரும் சாமிப்படத்துக் குளவிக்கூடும்

பூச்சிக்கு மருந்தடிக்கிற தொழிலில் இருந்துகொண்டு பூச்சிகளுக்காக வழக்காடின மனிசன், எனக்குத் தெரிய, இந்த உலகத்தில் பூச்சியர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் லண்டனில் எங்கட தோர்ண்டன் ஹீத் பக்கம் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அதைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கமாட்டம்.

ஒருக்கா ஒரு அக்கா வீட்டில் சிலந்தித் தொல்லை எண்டு இவரைக் கூப்பிட்டிருக்கிறா. "சிலந்திக்கு எட்டுக் கால், அக்கா. பூச்சிக்கு ஆறுதான். நான் பூச்சிக்குத்தான் மருந்தடிக்கிறனான்" எண்டு சொல்லி, குடுத்த தேத்தண்ணியையும் குடிச்சுப்போட்டு மனிசன் வந்திட்டார். புத்தகத்தில் இல்லாத கதை அவரிட்டை எடுபடாது.

இப்பிடிப்பட்டவரை நான் வீட்டுக்குக் கூப்பிட்டது என்ரை கெட்ட காலம். என்ரை மனிசி மாலா, ஊருக்குப் போன இடத்தில் தாய்வீட்டுச் சாமிப்படம் ஒண்டைச் சூட்கேசில் வைச்சுக் கொண்டுவந்தாள். சுவரில் கொழுவப் போனால் படத்துக்குப் பின்னால் மண்கூடு. குளவி கூடு கட்டின வீட்டில் பிள்ளை பிறக்கும் எண்டு எங்கட சனம் சொல்லுறது வழக்கம். எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு பதினொரு வருஷம், பிள்ளை இல்லை. மாலா அந்தக் கூட்டைத் தொடவே விடேல்லை. எனக்கெண்டால் குளவி கொட்டிப்போடும் எண்ட பயம்.

பூச்சியர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"மண்குளவி. தன்ரை பாட்டிலை திரியும், சும்மா ஒருத்தரையும் கொட்டாது. சிலந்தியைக் கொட்டி மயக்கி, கூட்டுக்குள்ளை அடுக்கி, முட்டையும் விட்டு மண்ணாலை மூடிப்போடும். குஞ்சுக்குச் சாப்பாடு அதுதான். இது இல்லாட்டி ஊர்வீடுகளிலை சிலந்தி பெருகிப்போகும்."

"இஞ்சையும் கூடு கட்டுமோ, அண்ணை?" மாலா கேட்டாள்.

"இந்தச் சாதிக்கு வெக்கை வேணும், தங்கச்சி. லண்டன் குளிருக்கு ஏலாது. இது ஊரிலை கட்டின கூடு."

நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்ப பிள்ளையும் ஊரிலைதான் பிறக்குமோ?" எண்டு ஒரு பகிடி விட்டன். மாலாவின்ரை முகம் கறுத்துப்போச்சு.

பூச்சியர் என்னை ஒரு முறை முறைச்சார். பிறகு கூட்டை விரலால் தடவினார்.

"மூடி உடையேல்லை, குஞ்சு இன்னும் உள்ளுக்கைதான். கட்டின வீடு கணக்கில்லை, தங்கச்சி. குஞ்சு வெளியிலை வாற வீடுதான் கணக்கு. புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு."

எந்தப் புத்தகம் எண்டு நான் கேக்கேல்லை.

மாலா படத்தை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைச்சாள். பூச்சியர் நாளுக்கொருக்கா போன் எடுத்து, "வந்திட்டுதோ?" எண்டு விசாரிப்பார். மூண்டு கிழமையில் குளவி வந்திட்டுது. பிள்ளை வரேல்லை. ஆனால் அந்த மூண்டு கிழமையும் மாலா வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிஞ்சாள். அதுக்காகவே எனக்கு அந்த மனிசனிலை சொல்லேலாத விருப்பம்.