ஜெர்லின் அப்பாவின் தலை

தலை கையோடு வந்துவிட்டது.

முத்துகிருஷ்ணன் அப்படியே நின்றார். இடது கையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு களிமண் தலை. மேசையின் மேல், காலை நீட்டி உட்கார்ந்து மடியில் கிடந்த வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஆளுக்கு இப்போது கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. மதியச் சோற்றுக்கு மணி அடித்து, பிள்ளைகளெல்லாம் தட்டோடு வராந்தாவில் வரிசையில் நின்ற நேரம். வகுப்பறையில் அவரைத் தவிர யாருமில்லை. பழியைப் போடக்கூட ஆளில்லை.

முத்துகிருஷ்ணன் சிற்பி. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கலைக் கல்லூரியில் படித்து, இப்போது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் களிமண்ணில் உருவம் செய்யச் சொல்லித்தருகிறார். இந்த முறை ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் தாண்டி ஒரு கடலோரத் தொடக்கப்பள்ளி. முதல் நாளிலேயே பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"நீங்க செய்யிறதை நான் தொடவே மாட்டேன். கோணலா இருந்தாலும் சரி, குப்புற விழுந்தாலும் சரி. உங்க கைதான் செய்யணும்."

மூன்றாம் வகுப்பு ஜெர்லின் எழுந்து நின்றாள். "மெய்யாவா சார்? டிராயிங் சாரும் இப்பிடித்தான் சொன்னாரு. அப்புறம் எல்லாருக்கும் அவரே மயிலு வரைஞ்சு குடுத்துட்டாரு. எங்க வீட்டுல ஒட்டி வச்சிருக்கு. நல்லாருக்கே, யாரு வரைஞ்சதுன்னு கேட்டா எனக்கு வெக்கமா வருது."

"சத்தியமா தொட மாட்டேன்."

"மாதா மேல?"

"மாதா மேல," என்றார் முத்துகிருஷ்ணன், குலதெய்வம் கருப்பர் பொறுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்.

அந்தச் சத்தியத்தை அவர் மீறக் காரணம் ஈரம்தான். மண் உருவம் கனமாக இருந்தால் வெளிப்பக்கம் கடல் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே ஈரம் தங்கிவிடும். சூளையில் சூடு ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகும். வெளியே போக வழியில்லாத ஆவி என்ன செய்யும்? உருவத்தை வெடித்துக்கொண்டு போகும். போகும்போது பக்கத்தில் இருக்கும் நாலு பேரையும் உடைத்துவிட்டுப் போகும். அதனால்தான் கட்டைவிரல் கனத்துக்கு மேல் மண் நிற்கக் கூடாது, அடியிலிருந்து குடைந்துவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஜன்னலோரக் கடைசிப் பலகையில், ஈரச் சாக்குக்கு அடியில் இருந்த ஆளோ அம்மிக் குழவி மாதிரி கெட்டியாக இருந்தார். உருவங்களில் பெயர் எழுதும் வழக்கமில்லை. யாருக்கு எந்தப் பலகையோ அதுதான் அடையாளம். கடைசிப் பலகை ஜெர்லினுடையது. "எங்கப்பா வலை பொத்துறதைச் செய்யப்போறேன் சார்" என்று முதலிலேயே சொல்லியும் இருந்தாள். முகம் இன்னும் வைக்கவில்லை. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. அந்த இடத்தை வழவழவென்று தேய்த்து மட்டும் விட்டிருந்தாள்.

பிள்ளைக்குத் தெரியாமல் அடியில் கொஞ்சம் குடைந்துவிடலாம், அவ்வளவுதான் என்று நினைத்தார். கம்பி வளையத்தை உள்ளே விட்டுச் சுரண்டினார். வயிறு தாண்டி, மார்பு தாண்டி, கழுத்து வரை போய்விட்டார்.

உடனே ஒட்ட உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கீறிவிட்டு, மண்ணைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்துத் தடவி, அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இரண்டு பக்கத்திலும் ஒரே ஈரம் இருக்க வேண்டும். உடம்பு பாதி காய்ந்திருந்தது. குழம்பு புது ஈரம். காய்ந்தபோது குழம்பு மட்டும் சுருங்கி, தலையைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டது. பள்ளி விடுகிற நேரத்தில் சாக்கைத் தூக்கிப் பார்த்தால், வலை பொத்துகிறவர் உச்சிப்புளி கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பின விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராக்குவோம் என்று மெல்ல முன்னால் தள்ளினார். தலை மறுபடி வந்தது. இந்த முறை ஒரு தோளும் கூடவே வந்தது.

மனைவி முருகலட்சுமிக்குப் போன் போட்டார்.

"அந்தப் புள்ளைட்ட உள்ளதைச் சொல்லிருங்க," என்றாள் அவள்.

"மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கேன்டி."

"நீங்க எதுக்கு மாதா மேல பண்ணுனீங்க?"

"அவ கேட்டா."

"கேட்டா எது மேலனாலும் பண்ணிருவீங்களா? சரி, புதுசா ஒண்ணு செஞ்சு வச்சிருங்க. இடது கையால செய்யுங்க, புள்ளை செஞ்ச மாதிரி கோணலா வரும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் பிள்ளைகள் வருமுன்பே வந்து, இடது கையால் ஆரம்பித்தார். வரவில்லை. கை எதுவானாலும் கண் ஒன்றுதானே. அது இடது கையையும் அதட்டித் திருத்திவிட்டது. தோளெலும்பு வந்தது, முழங்கால் சில்லு வந்தது. அழித்துவிட்டு வேண்டுமென்றே கோணலாகச் செய்தார். அது குடித்துவிட்டு வலை பொத்துகிறவர் மாதிரி இருந்தது. அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. பிள்ளை கோணலாகச் செய்வதில்லை. பிள்ளை நேராகத்தான் செய்கிறது. அந்த நேர் அவரிடம் இல்லை.

அதற்குள் கண்மாயிலிருந்து கொண்டுவந்த மண் தீர்ந்துபோனது. மிச்சமிருந்தது வெறும் பசைமண். மணல் கலக்காவிட்டால் வெடித்துப் பிளக்கும். பள்ளிக்குப் பின்னாலேயே மணலுக்குப் பஞ்சமில்லை. அவசரத்தில் இரண்டு கை அள்ளிவந்து பிசைந்தார்.

மூன்றாவது ஆள் ஒருவழியாக உருவானபோது வாசலில் நிழல் விழுந்தது. தலைமையாசிரியை லீமாரோஸ் டீச்சர். பிள்ளைகளுக்குப் பெரிய டீச்சர். பெஞ்சில் மண், சுவரில் மண், பைப்பில் மண் என்று தினமும் சொல்லிக்கொண்டிருப்பவர். முத்துகிருஷ்ணன் சாக்கை இழுத்து மூடினார்.

"எல்லாம் பத்திரமா காயுதா சார்?"

"காயுது டீச்சர்."

டீச்சர் போகவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டி அவிழ்த்தார். "அந்தக் கடைசிப் பலகையில இருக்குறது... எப்பிடி வந்திருக்கு?"

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார் முத்துகிருஷ்ணன். பயத்தில் வாய் நீண்டது. "அதுவா? ரொம்பக் கனம் டீச்சர். குடையவே இல்ல. அப்பிடியே சூளையில வச்சா வெடிச்சு மத்தவுக பொம்மையையும் கெடுத்துரும். சொல்லிக்குடுத்தப்ப கவனிச்சாத்தானே? செஞ்ச கைக்கு மண்ணே பழக்கமில்ல."

டீச்சரின் முகம் வாடியது. "அப்ப எடுத்துரலாமா சார்? மத்த பிள்ளைகளோடது கெடக் கூடாதுல்ல."

"சேச்சே. நான் பாத்துக்குறேன்."

"தொந்தரவு உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார். ஒரு பிள்ளையின் மண் பொம்மைக்கு இவ்வளவு கண்டிப்பா என்று முத்துகிருஷ்ணனுக்கு வியர்த்தது.

ஜெர்லினும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். கடைசிப் பலகைப் பக்கமே வரவில்லை. கதவோரம் உட்கார்ந்து ஒரு நண்டு செய்துகொண்டிருந்தாள்.

"ஏத்தா, ஒன் அப்பாவுக்கு மூஞ்சி வைக்கலையா?"

"போதும் சார். அப்பிடியே இருக்கட்டும்."

"சாக்கை எடுத்துப் பாக்கலையா?"

"பாத்ரூம் போயிட்டு வாரேன் சார்," என்று ஓடிவிட்டாள்.

கண்டுபிடித்துவிட்டாளா? அவள் கண்ணைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அவளும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. இருவரும் அந்த அறைக்குள்ளேயே ஒருவருக்கொருவர் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

சூளைக்கு அடுக்கும் முன் சாக்கைத் தூக்கினார். எல்லாப் பிள்ளைகளின் பொம்மைக்கும் முகம் இருந்தது, நண்டுக்குக்கூட இருந்தது. இதை மட்டும் மொட்டையாக வைத்தால் கண்காட்சியில் பிள்ளையைக் கேலி செய்வார்கள். செய்த பாவத்துக்கு இந்த நல்லதையாவது செய்வோம் என்று முகம் வைத்தார். அவசரத்தில் முகம் வைக்கிற சிற்பியின் விரலுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரியும்: தினமும் சவரம் செய்கிற முகம். நெற்றி அகலமாகி, மூக்கு நுனி உருண்டு, தாடையில் குழி விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

மைதான மூலையில் செங்கல் சூளை. சீமைக்கருவேல விறகும் தேங்காய் மட்டையும். முதலில் புகையாகவே விட்டு ஈரத்தை விரட்டி, பிறகுதான் தீயை ஏற்ற வேண்டும். ஆறின பின் பிரித்தால் ஒன்றுகூட வெடிக்கவில்லை. முத்துகிருஷ்ணன் மாதாவுக்கும் கருப்பருக்கும் சேர்த்துக் கும்பிடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து பெற்றோர்கள் நேராகப் பள்ளிக்கு வந்தார்கள். பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு, வெள்ளை வேட்டி விரித்து, பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். லீமாரோஸ் டீச்சர் யாரிடமும் நிற்காமல் கடைசிப் பொம்மைக்கு முன்னால் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார். திரும்பி முத்துகிருஷ்ணனைப் பார்த்தார். மறுபடி பொம்மையைப் பார்த்தார்.

"முகம் இருக்கு," என்றார்.

"ஆமா டீச்சர். கடைசியில வச்சது."

"உங்க சாயலா இருக்கே சார்."

"சிரிக்கிற முகமா இருந்தா எல்லாம் ஒரே சாயலாத்தான் தெரியும் டீச்சர்," என்று உளறினார்.

அப்போது டப்பென்று ஒரு சத்தம். பொம்மையின் மூக்கு தெறித்து வேட்டியில் விழுந்தது.

கடற்கரை மணலில் சிப்பித் தூள் இருக்கும். சூளையில் அது சுண்ணாம்பாகும். சுண்ணாம்பு கடல் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து, தன் மேலிருக்கும் மண்ணைத் தள்ளிவிடும். அதனால் இந்த மணலைத் தொடவே கூடாது என்று பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே விளக்கியவர் முத்துகிருஷ்ணன்தான். அவர் இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே இடது கன்னமும் போனது.

டீச்சர் அந்தத் துண்டுகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "பரவாயில்ல சார். நீங்க சொன்னீங்கள்ல, பழகாத கைன்னு," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதற்கு மேல் முத்துகிருஷ்ணனால் தாங்க முடியவில்லை. கூட்டத்தில் ஜெர்லினைத் தேடினார். நண்டைத் தூக்கிப்பிடித்து, பக்கத்தில் நின்ற நெட்டையான மனிதரிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதான் சார் எங்கப்பா," என்றாள் தயங்கியபடி.

முத்துகிருஷ்ணன் அவளைத் தனியே பூவரச மரத்தடிக்குக் கூட்டிப்போனார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஜெர்லின், சார் ஒரு தப்புப் பண்ணிட்டேன்த்தா. ஒன் பொம்மையைத் தொட்டுட்டேன். ஒடைஞ்சு போச்சு. அங்கன இருக்குறது நான் செஞ்சது."

"மாதா மேல சொன்னீங்களே சார்!"

"சொன்னேன். நல்லது பண்ணுறோம்னு நெனச்சுத்தான் தொட்டேன். ஒன் கைவேலையை நான் அழிச்சிட்டேன். அதைத் திருப்பித் தர எனக்குத் தெரியல."

ஜெர்லினின் முகம் மெல்லத் தெளிந்தது. "அய்ய, என்னைய ஏசத்தான் கூப்புடுறீங்கன்னு நெனச்சேன் சார். அது என்னுது இல்ல. என்னுதைச் செஞ்ச அன்னைக்கே யாருக்கும் தெரியாம பையில போட்டுக் கொண்டு போயிட்டேன். அப்பா கடலுக்குப் போறதுக்கு முந்திக் காட்டணும்னுதான் சார். எங்க டிவி மேல இருக்கு."

"அப்ப அந்தப் பலகையில இருந்தது?"

ஜெர்லின் சாத்தியிருந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"காலியாக் கெடந்த என் பலகையில பெரிய டீச்சர் செஞ்சு வச்சது சார், அவங்க கைப்பிள்ளையா இருக்கப்பயே அவங்க அப்பா கடலோட போயிட்டாராம், போட்டோகூட இல்லையாம், அதான் மூஞ்சியை வெறும்னே விட்டிருந்தாங்க."