குன்று தந்த மெட்டும் நான் பிடுங்கிய வில்லும்

யெல் தீவு, ஷெட்லாந்து
9 மே 1987

அன்புள்ள தம்பி மான்ஸிக்கு,

அண்ணன் கிடியன் எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் நலம். உங்கள் தீவிலும் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். பத்தொன்பது வருடம் கழித்து எழுதுகிறவன் காற்றைப் பற்றித்தானே தொடங்க முடியும்.

நம் குடும்பத்துக் கல்யாண மெட்டை, குன்றுக்குள் வாழும் மாயக் குட்டையர்கள் ஆடும்போது நம் கொள்ளுத்தாத்தா ஒட்டுக்கேட்டு வந்தார் என்பது உனக்குத் தெரியும். மூத்த கிளையான என் வழியைத் தவிர யாரும் அதை மணப்பெண்ணுக்கு முன்னால் வாசிக்கக் கூடாது என்பதையும் நான் உனக்கு நன்றாகவே தெரியவைத்தேன். போன வாரம் நாட்டுப்புற இசை சேகரிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். ஊர்க் கூடத்தில் நாற்பது பேர் ஆட்டிறைச்சி சூப் குடித்துக்கொண்டிருக்க, இந்தக் கதையை அவளது ஒலிப்பதிவுப் பெட்டியில் முழங்கினேன், மெட்டையும் வாசித்தேன். முடித்ததும் ஆக்னஸ் பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குன்றும் இல்ல, குட்டையரும் இல்ல. திமிங்கில வேட்டைக் கப்பல்ல எங்க தாத்தா வாசிச்சத உங்க கொள்ளுத்தாத்தா சுட்டுக்கிட்டு வந்தாரு. ஆமா கிடியன், மூணாவது சுற்று எங்க? பாதியிலேயே குட்டையருங்க கதவச் சாத்திட்டாங்களா?"

அந்த மூன்றாவது சுற்றை அவளே முணுமுணுத்துக் காட்டினாள். அது இல்லாமல் நம் மெட்டு ஒற்றைக் காலில் நிற்பது எனக்கே கேட்டது. கூடமே சிரித்தது. நான் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் திருட்டு மெட்டுக்காகத்தான் பத்தொன்பது வருடத்துக்கு முன் நம் பங்காளி பீட்டர் கல்யாணத்தில், மணப்பெண்ணுக்கு முன்னால் பிடில் வாசித்து நடந்த உன் கையிலிருந்து வில்லைப் பிடுங்கினேன். உன் மனைவி மெரன் இறந்தபோது படகுத்துறைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். வெட்கமாக இருக்கிறது தம்பி, என்னை மன்னித்துவிடு. ஜூன் பதினான்கில் என் மகள் இங்காவுக்குக் கல்யாணம். நீதான் முன்னால் நடந்து அந்த மெட்டை வாசிக்க வேண்டும். உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

வெட்கத்துடன்,
கிடியன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அந்தப் பெண் மறுபடி வந்தாள். பீட்டர் கல்யாணத்தில் யாரோ பதிவுசெய்த நாடா அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதில் கால் நிமிடம் உன் பிடில், மீதி முழுக்க என் குரல். நீ வாசித்தது அந்த மெட்டே இல்லை. அது ஊரே வாசிக்கும் சாதாரண நடைமெட்டு. ஊரில் எல்லாருக்கும் அன்றே தெரியுமாம். என் கத்தலுக்குப் பயந்து யாரும் சொல்லவில்லையாம். நான் நாலு ஸ்வரம்கூடக் கேட்கவில்லை, மான்ஸி. ஆகவே மேலே நான் கேட்ட மன்னிப்பிலும், நீ செய்யாத குற்றத்தை நான்தான் பெரிய மனதோடு பொறுத்துக்கொள்வது போன்ற தொனி இருக்கிறது. அதைக் கிழித்துப் போடு. அடுத்த சனிக்கிழமை முதல் படகில் வருகிறேன். இந்த முறை துறையிலிருந்து திரும்ப மாட்டேன்.