ஏரிக்கரை மூச்சுக்காரர்

எங்கள் ஊர் ஏரியில் மூச்சு விட்ட எந்த உயிரும் மூச்சுக்காரருக்குத் தெரியாமல் விட்டதில்லை. சங்கராபுரம் தாலுக்காவில் இதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. அவருக்கு ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. அதை ரேஷன் கடைக்காரர் மட்டும்தான் படித்திருப்பார்.

ஏரி மீனைக் குத்தகை எடுத்தவர்களுக்கு அவர் காவல்காரர். கரையில் குந்திக்கொண்டு நாளெல்லாம் தண்ணீரையே பார்ப்பார். நாம் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

"அதோ, விரால். காத்தை முழுங்கிட்டுப் போவுது பாரு, ஒரே வட்டம். இது தேளி. சர்ருனு வரும், சர்ருனு எறங்கும், பின்னாடியே மூணு குமிழி வுடும்."

கெண்டை மேலே வந்து வாயைப் பிளந்தால் மட்டும் பதறி எழுந்துவிடுவார். "கெண்டைக்கு மேல இன்னா வேலை? தண்ணி கெட்டுப்போச்சு" என்று குத்தகைக்காரர் வீட்டுக்கு ஓடுவார். தேளிக்கு அந்தக் கவலை கிடையாது. முதுகு நெடுக இரண்டு காற்றுப் பையோடு பிறந்த மீன் அது. கோடையில் ஏரி சேறாகி, மற்ற மீனெல்லாம் கொக்குக்குப் போன பிறகும் ஈரச் சேற்றில் கிடந்து வெளிக் காற்றைக் குடித்து உயிரோடு இருக்கும். கல்வராயன் மலையில் மழை பெய்து தண்ணீர் வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் நீந்திப் போகும். பிடிக்கப் போனால் பக்க முள்ளால் குத்தும். குத்து வாங்கினால் மீசை வைத்தவர்களும் அம்மாவைக் கூப்பிடுவார்கள்.

மூச்சுக்காரரும் அப்படித்தான். மீன் விஷயத்தில் உண்மை சொல்லியே எல்லோரையும் குத்துவார். என் அக்காவின் சம்பந்தம் அதில்தான் போயிற்று.

தியாகதுருகத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். அன்றைக்கு விரால் கிடைக்கவில்லை. அம்மா தேளியைத் தோலுரித்துத் துண்டு போட்டு, விரால் குழம்பு என்று பரிமாறிவிட்டாள். மாப்பிள்ளையின் மாமா ஏப்பம் விட்டுக்கொண்டே கரைப் பக்கம் காற்றாடப் போனார்.

"உங்க ஊரு விரால் நல்ல ருசிங்க" என்றார்.

"விராலா? காலைல அந்த வூட்டுக்கு நான் குடுத்தது தேளி ஆச்சே" என்றார் மூச்சுக்காரர். மாமா முகம் மாறுவதைப் பார்த்து, "நல்ல மீன்தாங்க, ரத்தம் ஊறும்" என்று ஆறுதலும் சொன்னார்.

மீனிலேயே இப்படி என்றால் நகையில் எப்படியோ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஏரிக்குத் துவைக்கப் போனால் அக்கா அவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடங்கள் அவை. சாலையில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. போலீஸ் வேன் சத்தம் கேட்டால் ஊரில் ஓர் ஆண்பிள்ளை இருக்க மாட்டான். நான் கூச்ச சுபாவம். கோஷம் போட வாய் வராது. ஆனால் ரம்பத்தின் மறுமுனையைப் பிடி என்று யாராவது சொன்னால், மாட்டேன் என்று சொல்லவும் வாய் வராது. அப்படித்தான் ஒரு புளியமரத்தில் பாதியை நான் அறுத்தேன்.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தாலுக்கா ஆபீசில் கடைநிலை ஊழியர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. இவன் மேல் கேஸ் இல்லை என்று போலீசார் எழுதித் தர வேண்டியது மட்டும் பாக்கி. எங்கள் வீட்டில் அரசாங்கச் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் நான். ஒரு கேஸ் விழுந்தால் அதோடு முடிந்தது.

மரம் அறுத்த மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் வேன் வந்தது. ரம்பத்தின் இந்த முனை நான், அந்த முனை ஏழுமலை. அவன் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிக்கிறவன். கரும்புத் தோட்டத்தில் ஏற்கெனவே ஊரே ஒளிந்திருந்ததால் நாங்கள் இருவரும் ஏரியில் இறங்கினோம். ஆகாயத்தாமரைக்கு நடுவில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தோம். பூட்ஸ் சத்தம் கேட்டால் முங்குவது, மூச்சு முட்டினால் மேலே வருவது. கரை பத்தடி தூரம்தான். நடந்ததில் பாதி நான் மேலே வந்தபோது கேட்டது. மீதி, அங்கே துவைத்துக்கொண்டிருந்த அக்கா சொன்னது.

இன்ஸ்பெக்டர் நேராக மூச்சுக்காரரிடம் வந்தார். டீக்கடையில் யாரோ அவருடைய பெருமையைச் சொல்லியிருக்கிறார்கள்.

"யோவ், தண்ணியப் பாத்தே எது மூச்சு வுடுதுன்னு சொல்லுவியாமே?"

"சொல்லுவேங்க."

"அதோ குமிழி வருதே, அது இன்னா?"

அது நான். முங்கி, மேலே வந்து, காதை இலைக்கு வெளியே நீட்டினேன். கரையில் பேச்சே இல்லை. மறுபடி முங்கினேன். நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. மறுபடி வந்தேன். அப்போதும் பேச்சில்லை. அக்காவின் கையிலிருந்த துணி தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது, அவள் எட்டிப் பிடிக்கவில்லையாம். எழுபது வருடமாக மீனைப் பற்றிப் பொய் சொல்லாத வாய். என் வேலை அந்த வாய்க்குள் இருந்தது.

"தேளிங்க" என்றார் மூச்சுக்காரர்.

"இம்மாம் பெரிய குமிழியா?"

"கெழட்டுத் தேளிங்க."

அந்த நேரத்தில் ஏழுமலைக்கு இருமல் வந்தது. தண்ணீருக்குள் அடக்கிப் பார்த்திருக்கிறான். அடங்கவில்லை. ஆகாயத்தாமரை ஒரு கூடை அகலத்துக்குக் குலுங்கியது.

"யோவ், மீன் இருமுமாய்யா?"

"வெளிக் காத்தைக் குடிக்கிற ஜீவனுங்க அது. காத்து ஒத்துக்கலன்னா இருமத்தான் செய்யும். கெண்டை இருமுனா என்னைக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் அக்கா பக்கம் திரும்பினார். "யம்மா, இந்த ஆள் சொல்றது நெசமா?"

அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அவரு மீன் விசயத்துல பொய் சொல்ல மாட்டாருங்க. சொல்லியிருந்தா இந்நேரம் எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கும்."

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் சந்தேகம் ஜாஸ்தியாகி, ஒரு கான்ஸ்டபிளை இறங்கிப் பார்க்கச் சொன்னார். அவர் பூட்ஸைக் கழற்றி, பேண்ட்டை மடித்து, முழங்கால் வரை வந்தார். இன்னும் மூன்று அடி வைத்தால் என் தலையை மிதித்திருப்பார். இரண்டாவது அடியில் அலறினார்.

நிஜமான தேளி ஒன்று சேற்றில் இருந்திருக்கிறது. அவரைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். கால் கண்ணெதிரே வீங்கியது. மூச்சுக்காரர் டீக்கடைக்கு ஓடி, சட்டியில் வெந்நீர் வாங்கிவந்து, கை விட்டுச் சூடு பார்த்து, அவர் காலை அதற்குள் வைத்து அழுத்திப் பிடித்தார்.

"சூடு தாங்குற மட்டும் வெச்சிருங்க, வலி கம்மியாவும். தேளின்னு சொன்னேன் இல்லீங்க? யாரு கேக்குறீங்க?"

கான்ஸ்டபிள் விசும்பிக்கொண்டே, "கேட்டிருக்கணுங்க" என்றார்.

வேன் போன சத்தம் அடங்கியதும் மூச்சுக்காரர் தண்ணீரோரம் வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. ஆகாயத்தாமரையைப் பார்த்துத்தான் பேசினார்.

"போயிட்டாங்க. ஏறுங்க. எழுவது வயசுல எம் வாயில பொய் வர வெச்சிட்டீங்களேடா."

மூன்று நாள் அவர் கரைக்கு வரவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். குத்தகைக்காரர் போய்க் கூப்பிட்டதற்கு, "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு தண்ணியப் பாக்குறது" என்றாராம்.

பஸ் ஓட ஆரம்பித்து, என் மேல் கேஸ் இல்லை என்ற காகிதமும் வந்து, நான் வேலையில் சேரப் புறப்பட்ட அன்று அவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. கடை நிறைய ஆள்.

"இன்னா தேளி, வேலைக்கிப் போறியா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இன்னாடா சிரிப்பு? அது தேளின்னு போலீசுகிட்டயே சொல்லியிருக்கறேன். சொன்னா சொன்னதுதான்."

அன்று முதல் நான் தேளி. ஏழுமலை இருமல் தேளி. என் கல்யாணத்தில் மொய் எழுதுகிறவரிடம் "தேளி கல்யாணத்துக்கு" என்றுதான் சொல்லி எழுத வைத்தார். எனக்குக் குழந்தை பிறந்ததும் வந்து பார்த்துவிட்டு, "தேளிக்குஞ்சு நல்லா மூச்சு வுடுது" என்றார். என் சொந்தப் பெயரை அவர் வாயால் நான் பிறகு கேட்டதேயில்லை.

பல வருடம் கழித்து, முதியோர் பென்ஷனுக்கு மனு கொடுக்கத் தாலுக்கா ஆபீசுக்கு வந்தார். கண் மங்கி, கோலூன்றிக்கொண்டு வாசலில் நின்றார். யாரைப் பார்க்கணும் என்று கிளார்க் அதட்டினார்.

"எங்க ஊரு தேளி ஒண்ணு இங்க வேலை செய்யுதுங்க. கொஞ்சம் கூப்புடுங்க."

ஆபீசே சிரித்தது. நான் டீ டம்ளர் தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இதோ வந்துட்டேங்க" என்றேன்.